ஓயாத் தண்ணீர் என்று எழுதிய படம்

ஒரு பிள்ளை தன் கண்ணால் கண்டு எழுதியதை ஆசிரியையே அழிக்கச் சொன்ன பிறகு, அந்த ஆசிரியை அந்தப் பிள்ளைக்கு மேற்கொண்டு எதைப் படிப்பிக்க முடியும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று தொடங்குவதுதான் நம் பாடத்துக்கு முறை என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

நமது முஸ்லிம் பெண் பாடசாலைகளில் இவ்வருடம் விஞ்ஞானப் பாடம் எடுக்க வரும் தங்கைகளுக்குப் பழைய ஆசிரியைகள் தங்கள் அனுபவங்களை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என்னைப் பழைய ஆசிரியை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆறு வருடங்கள்தான் படிப்பித்தேன். இப்போது வேலையை விட்டு, கண்டியில் கடைவீதிக்குப் பின்புறம் ஒரு மேல்மாடி வீட்டில், ஒன்றேகால் வயது மகளோடு இருக்கிறேன். என் கணவர் புடவை வியாபாரமாக மாதத்தில் பாதி நாள் பதுளைப் பக்கம் போய்விடுவார். பகல் முழுவதும் பேசுவதற்கு எனக்கு இருப்பது இன்னும் பேச்சு வராத ஒரு பிள்ளை மட்டும்தான். அதனால் நான் எழுதுவது கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வாப்பா அரசாங்க மருந்துச்சாலை ஒன்றில் அப்போதிக்கரியாக இருந்தவர். கண்டியில் மிஷன் பாடசாலை ஒன்றில் என்னைப் படிக்க வைத்தார். வகுப்பில் தலையை மூடியிருந்த பெண் நான் ஒருத்திதான். படிப்பு முடிந்து ஆசிரியப் பயிற்சியும் பெற்ற பிறகு, பிலிமத்தலாவைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் ஒரு முஸ்லிம் கிராமத்துப் பெண் பாடசாலையில் வேலை கிடைத்தது. ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பி வருவேன். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று வாப்பாவின் அறிவுரைகளைப் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வேன். அவர் நான் வேலைக்குச் சேர்ந்த வருடமே மௌத்தாகிவிட்டார். அதன் பிறகு, பாடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை.

அந்தப் பாடசாலையில் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. ஊரில் அதைப் பூதக்கண்ணாடி என்பார்கள். ஒரு மாணிக்க வியாபாரி அன்பளிப்பாகக் கொடுத்தது. தலைமை ஆசிரியையின் அறையில், கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். பரிசளிப்பு விழாவன்று மட்டும் வெளியே எடுத்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்துப் பூச்சரம் சுற்றுவார்கள். கொழும்பிலிருந்து வரும் பெரிய மனிதர் அதைக் காட்டி, பக்தாதிலும் கொர்தோவாவிலும் நம் முன்னோர் வானத்தை அளந்ததையும் மருந்து கண்டதையும் பேசுவார். திரைக்குப் பின்னால் பெண்கள் பகுதியில் இருந்து நானும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது மயிர் கூச்செறியும். விழா முடிந்ததும் பூச்சரத்தை எடுத்துவிட்டு, நுணுக்குக்காட்டியைத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்கள்.

அதை எடுக்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். சாவி பாடசாலை மனேஜரிடம் இருந்தது. அவர்தான் பள்ளிவாசல் மத்திசம். பள்ளியின் நிருவாகத்தையும் ஊர் வழக்குகளையும் பார்ப்பவர். பெண் ஆசிரியைகளோடு பேச வரும்போது விறாந்தையில் நின்று, முகத்தைத் தோட்டப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவார். நான் கதவுக்கு உட்புறம் நின்று, நாலாவது கடிதத்தில் எழுதியிருந்ததை வாயால் சொன்னேன்.

“எடுத்துப் பாக்கத்தானே புள்ள தந்த” என்றார் அவர். “ஒம்பது வருஷமா சாவி ஏன்ட இடுப்புலதான் ஈக்கிது. ஆரும் கேக்கல்ல.”

தங்கைகளே, இதை மறக்காதீர்கள். மறுப்பார்கள் என்று நாமே நினைத்துக்கொண்டு கேட்காமல் விட்ட சாவிகள் நம்மிடையே எத்தனை இருக்கின்றனவோ தெரியாது. நான் அவரைக் குறைத்து எண்ணியிருந்தேன். பிறகு ஒரு நாள் அதிகமாகவும் எண்ணினேன். இரண்டும் பிழை.

முதல் பாடத்திலேயே நான் ஒரு பெரிய பிழை விட்டேன். வெங்காயத் தோலை வைத்து, “செங்கல் கட்டின சுவர் மாதிரிக் கட்டம் கட்டமாகத் தெரியும், ஒவ்வொருவராக வந்து பாருங்கள்” என்று சொன்னேன். பதினொரு பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள்.

“ஓ டீச்சர், செங்கல் செவரு மாதிரியேதான்.”

“மிச்சம் வடிவா ஈக்கிது டீச்சர்.”

பன்னிரண்டாவதாக வந்தவள் மர்ளியா. பள்ளிவாசல் மோதினாரின் மகள். தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வதும், பள்ளியைக் கூட்டுவதும், தொழுமுன் கைகால் முகம் கழுவி வுளூச் செய்யும் ஹவுழை, அந்தக் கல் தொட்டியை, நிரப்பிக் கழுவுவதும் அவள் வாப்பாவின் வேலை. அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். மற்றக் கண்ணாலும் பார்த்தாள்.

“ஒண்டும் தெரியல்ல டீச்சர். இருட்டாத்தான் ஈக்கிது.”

“மோதின்ட மகளுக்குக் கண்ணு பத்தாது. கண்ணாடி ஒண்டு வாங்கிக் குடுங்க டீச்சர்” என்று பின்னால் ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மர்ளியா சிரிக்கவும் இல்லை, நகரவும் இல்லை. நான் குனிந்து பார்த்தேன். மை போல இருட்டு. கீழேயிருக்கும் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்ப நான் மறந்துபோயிருந்தேன்.

அந்தப் பதினொரு பிள்ளைகளும் பொய் சொல்லவில்லை. டீச்சர் சொன்னால் அது அங்கே இருக்கும் என்று நம்பினார்கள். நம் வீடுகளில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறோம். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். அன்றிலிருந்து ஒரு சட்டம் வைத்தேன். என்ன தெரியும் என்று முன்கூட்டி ஒருபோதும் சொல்வதில்லை. கண்டதை வரைய வேண்டும். எங்கே எடுத்தது, யார் பார்த்தது என்று படத்தின் கீழே எழுத வேண்டும். “இடம் எழுதாத படம் எனக்கு வேண்டாம்” என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னேன்.

இன்னொரு நாள் மர்ளியா அந்தக் கருவியின் அடியில் இருந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், இது நம்மட ஆக்கள் செஞ்சதா?”

“இல்லை. ஜெர்மனியில் செய்தது.”

“நம்மட ஆக்கள் செய்யல்லயா?”

நான் அந்தப் பெரிய மனிதரின் பேச்சையே திருப்பிச் சொன்னேன். ஒளி எப்படிக் கண்ணுக்குள் வருகிறது என்று ஆராய்ந்து எழுதியவர்களில் நம்மவரும் ஒருவர், அந்த நூலைப் படித்துத்தான் ஐரோப்பியர் மேலே போனார்கள் என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

“அவருக்குப் பொறகு?”

மணி அடித்ததும் அவள் போய்விட்டாள். அன்று மாலை ரயிலில் பேராதனை வரும்வரை அதையே யோசித்தேன். துருக்கியில் இது திறந்தார்களாம், மிஸ்ரில், அந்த எகிப்து நாட்டில், அது கட்டினார்களாம் என்று பத்திரிகையில் வருவதையெல்லாம் வெட்டி வைத்திருந்தேன். அவற்றைச் சேர்த்து மறுநாள் ஒரு பதில் சொல்லலாம். ஆனால் அவள் கேட்டது மிஸ்ரைப் பற்றி அல்ல என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் வருடம் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுத்தேன். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் புழங்கும் தண்ணீரில் ஒரு சிறு போத்தல் கொண்டுவந்தாள். கிணறு, பீலி, குடம், எங்கள் ஊர்ச் சிற்றாறான ஓயா. மர்ளியா கொண்டுவந்தது ஹவுழ்த் தண்ணீர். அவள் போத்தலில்தான் நுளம்பின், அதாவது கொசுவின், புழுக்கள் நெளிந்தன. கண்ணாலேயே காணலாம், நுணுக்குக்காட்டியில் அவற்றின் மயிரும் மூச்சுக் குழலும் தெரிந்தன. அவள் வரைந்த படத்தைப் போல ஒன்றை நான் பயிற்சிக் காலத்தில்கூட வரைந்ததில்லை. நிற்கும் தண்ணீரில்தான் இவை வளரும், ஓடும் தண்ணீரில் நிலைக்கமாட்டா என்பதையும் அவளே போத்தல்களை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தாள். நான் சொல்லவில்லை. படத்தின் கீழே, நான் படிப்பித்தபடியே, “பள்ளிவாசல் ஹவுழ்த் தண்ணீர்” என்று எழுதிப் பெயரையும் போட்டிருந்தாள்.

அவ்வருடப் பரிசளிப்பு விழாவுக்குப் பன்னிரண்டு படங்களையும் விறாந்தைச் சுவரில் ஒட்டினேன். விறாந்தை ஆண்கள் பகுதி. என் பிழையின் அளவு உங்களுக்கு விளங்குகிறதா? எனக்கு அன்று விளங்கவில்லை. நான் பார்த்தது ஒரு நல்ல படத்தை மட்டும்தான். அதன் கீழே இருந்த எழுத்தைத் தகப்பன்மார் எப்படி வாசிப்பார்கள் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. திரைக்குப் பின்னால் இருந்தேன். வெளியே ஆண்கள் படங்களைப் பார்த்துக்கொண்டு பேசிச் சிரித்து வந்த சத்தம் ஓரிடத்தில் நின்றுபோனது. அது மட்டும் எனக்குக் கேட்டது.

இரண்டு நாள் கழித்து மத்திசம் வந்தார். விறாந்தையில் வழக்கமான இடத்தில் நின்றார்.

“புள்ள, நான் குத்தம் செல்ல வரல்ல. நேத்து மஃரிபுத் தொழுகைக்குப் பொறகு நாலு பேர் என்னப் புடிச்சிட்டாங்க. இந்த ஹவுழுல வுளூச் செஞ்சி இவ்வளவு காலம் தொழுத தொழுகை கூடுமா, இல்லாட்டித் திருப்பித் தொழணுமா எண்டு கேக்கிறாங்க.”

“புழு இருந்தால் வுளூ கூடாது என்று நான் சொல்லவே இல்லையே. அது நுளம்பைப் பற்றின பாடம்.”

“எனக்கு வெளங்குது. தொழுவிக்கிற லெப்பையும் செல்லிட்டார், அவ்வளவு தண்ணிக்கு அது ஒண்டும் செய்யாது எண்டு. சட்டம் செல்லிட்டம், ஆனா மனசு கேக்குதா? ஒரு வயசாளி அழுதிட்டார் புள்ள. இப்ப மோதின நிப்பாட்டணும் எண்டு கத கெளம்பீக்கி. ஹவுழக் கழுவுறது அவருட வேலதானே. அவர்ட மகளே காட்டிக் குடுத்திட்டா எண்டு சிரிக்கிறாங்க. பொம்புளப் புள்ளைகளுக்கு இந்தப் படிப்பு என்னத்துக்கு எண்டும் கேக்கிறாங்க. அலுமாரியத் திரும்பப் பூட்டச் செல்றாங்க.”

“நான் என்ன செய்ய வேண்டும்?”

“அந்தப் புள்ள இடத்த மாத்தி எழுதிட்டா எண்டு செல்லுவம். ஓயாத் தண்ணி எண்டு போடுங்க. ஓயா ஆருக்கும் சொந்தமில்ல. ஆருக்கும் நோவாது.”

வெள்ளிக்கிழமைக்கு முன் படம் திருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் போனார். கோபமாகப் போயிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

தலைமை ஆசிரியையிடம் போனேன். யாழ்ப்பாணத்தவர், இருபது வருடம் படிப்பித்தவர். கதிரையில் சாய்ந்து முழுவதையும் கேட்டார்.

“ஓம், நானும் கேள்விப்பட்டனான். நான் இந்த ஊர் ஆளும் இல்லை, உங்கட சமயமும் இல்லை. நான் வாய் திறந்தால் அது வேற கதையாப் போகும். நீர்தான் யோசிக்க வேணும்.”

“நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?”

“நான் என்றால் படத்தைச் சுவரில ஒட்டியிருக்கமாட்டன், பிள்ளை” என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அப்போது எங்களுக்குக் கலியாணமாகி நாலு மாதம். “ஒரு சொல்லுத்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க” என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். மோதினாருக்கும் அவர் வேலை போவதற்கும் இடையில், பன்னிரண்டு பிள்ளைகளின் படிப்புக்கும் பூட்டுக்கும் இடையில் இருந்தது உண்மையாகவே ஒரு சொல்தான்.

வியாழக்கிழமை மர்ளியாவைத் தனியே கூப்பிட்டு, படத்தையும் அழிறப்பரையும் மேசையில் வைத்தேன். வாப்பாவின் வேலையைப் பற்றி அவளிடம் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“இடத்தை மட்டும் மாற்றி எழுது, மகள். ஓயாத் தண்ணீர் என்று.”

“நான் ஹவுழுலதானே எடுத்த.”

“எனக்குத் தெரியும்.”

அவள் அழிறப்பரை எடுத்தாள். எழுத்தின் மேல் வைத்துவிட்டு நிறுத்தினாள்.

“அப்ப புழுவயும் அழிக்கவா டீச்சர்?”

“ஏன்?”

“ஓயாத் தண்ணி ஓடுதே. அதுல இது ஈக்காதே. நாங்க பாத்தமே.”

“புழு இருக்கட்டும்” என்றேன். அவள் கீழே இருந்ததை மட்டும் அழித்து, அதே அழகான எழுத்தில் “ஓயாத் தண்ணீர்” என்று எழுதினாள். கடுதாசியில் அழித்த இடம் சற்று மெலிந்துபோயிருந்தது. நான் அவளுக்கு நன்றி சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றும் வெட்கப்படுகிறேன்.

நல்ல வார்த்தைகள் எனக்கு எப்போதும் ரயிலில்தான் வரும். அன்றும் அப்படித்தான். லெப்பையையே பாடசாலைக்கு அழைத்து, வுளூ வேறு, நுளம்பு வேறு, இரண்டுக்கும் சண்டையில்லை என்று ஊரின் முன்னால் சொல்ல வைத்திருக்கலாம். மோதினாருக்காக நானே மத்திசத்திடம் மன்றாடியிருக்கலாம். படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, திருத்தாமல் என் பெட்டியில் பூட்டி வைத்திருக்கலாம். மூன்று வழிகளும் பேராதனைச் சந்திக்கு வருமுன்பே எனக்குத் தோன்றிவிட்டன. ஆனால் திரும்பிப் போகும் ரயிலில் ஏறி அவற்றைச் சொல்லும் துணிவு வரவில்லை. நெருக்கடியில் ஒருவர் முன்வைக்கும் முதல் வழி ஒரே வழியாகத் தெரியும். தங்கைகளே, ஒரு நாள் தவணை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

திருத்திய படம் திரும்பச் சுவருக்குப் போனது, பிள்ளை இடத்தை மாற்றி எழுதிவிட்டாள் என்பதை ஊரும் ஏற்றுக்கொண்டது. பாடம் நடந்தது. அலுமாரி திறந்தே இருந்தது. மோதினார் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்றே எண்ணினேன்.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே ஊர் ஊராகக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. பிறகு எங்கள் பக்கத்திலும் வந்தது. வகுப்பில் கதிரைகள் காலியாயின. ஓயா வற்றி, கற்களுக்கிடையில் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. சுகாதாரப் பகுதி உத்தியோகத்தர் ஒருவர் வந்து ஓயாவைப் பார்த்தார். இந்தக் காய்ச்சல் நுளம்பு வளர்வது இந்தக் குட்டைகளில்தான், இவற்றை மூட வேண்டும் என்று ஊராரிடம் சொன்னார்.

மத்திசம் நேராகப் பாடசாலைக்கு வந்தார். சுவரிலிருந்த மர்ளியாவின் படத்தைத் தன் கையாலேயே கழற்றி எடுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர்களிடம் அதைக் காட்டி, “நம்மட பாடசாலையிலேயே போன வருஷமே கண்டு செல்லீக்கிறாங்க, நாங்கதான் வெளங்கல்ல” என்று பேசினாராம். அன்று மாலையே முப்பது பேர் மண்வெட்டியோடு ஓயாவுக்கு இறங்கினார்கள். வெளியூர் உத்தியோகத்தர் சொன்னதற்கு இறங்காதவர்கள், தங்கள் ஊர்ப் பிள்ளையின் படத்துக்கு இறங்கினார்கள். அதனால் எத்தனை பேர் தப்பினார்களோ எனக்குத் தெரியாது. ஒருவராவது தப்பியிருக்கலாம்.

அவ்வருட விழாவில் பெரிய மனிதர் பக்தாதிலிருந்து கொர்தோவா வந்து, கொர்தோவாவிலிருந்து எங்கள் பாடசாலைக்கு வந்தார். நம் சமுதாயத்தில் ஆராய்ச்சி செத்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கட்டும் என்றார். வெளியே “அல்லாஹு அக்பர்” என்று தக்பீர் முழங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் உம்மாமார் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். நான் சபையில் மர்ளியாவைத் தேடினேன். நாலு வரிசைக்கு அப்பால் இருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் நடுவில் எங்கள் இருவரின் கையாலும் நடந்த ஒன்று இருந்தது. அதை நாங்கள் ஒருவரோடொருவர்கூடப் பேச முடியவில்லை. அன்றைப் போல நான் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை.

கணக்கு வகுப்பில் சில பிள்ளைகள் வழியெல்லாம் பிழையாகச் செய்து கடைசியில் சரியான விடையை எழுதிவிடுவார்கள். நாம் அதற்குப் புள்ளி கொடுப்பதில்லை. எனக்கு ஊர் முழுப் புள்ளியும் கொடுத்துவிட்டது.

அந்தக் கிழமையே மர்ளியா என்னிடம் வந்தாள்.

“டீச்சர், நாங்க மாத்தி எழுதினதுதானே சரியா வந்தீக்கி. அப்ப நான் பாத்தது பிழையா?”

“இல்லை மகள். நீ பார்த்தது சரி. அது வேறு தண்ணீர், வேறு நுளம்பு.”

“அப்ப ஏன் அத அழிச்ச?”

நான் ஏதோ சொன்னேன். பெரியவர்கள், ஊர், காலம் என்று ஏதோ. அவள் தலையாட்டினாள். முதல் நாள் அந்தப் பதினொரு பிள்ளைகளும் “ஓ டீச்சர்” என்றதைப் போல. அதன் பிறகு வகுப்பில் அவள் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. பதினான்கு வயதில் வழக்கப்படி பாடசாலையை விட்டாள். நான் மேலும் ஒரு வருடம் படிப்பித்துவிட்டு, மகளைச் சுமந்தபோது வேலையை விட்டேன். படம் கண்ணாடிச் சட்டம் போட்டு இன்றும் அந்த வகுப்பறையில் தொங்குகிறது. அங்கே வேலைக்குப் போகும் தங்கை எவளாவது இதைப் படித்தால், அதன் கீழ் எழுதியிருப்பது உண்மையல்ல என்று தெரிந்துகொள்ளட்டும்.

சென்ற மாதம் மர்ளியா தன் உம்மாவோடு பஸ்ஸில் கண்டிக்கு வந்து என் வீட்டுக்கு ஏறி வந்தாள். பதினேழு வயது. தலைமை ஆசிரியை கொடுத்த புத்தகங்களை வீட்டிலிருந்தே படித்து ஒரு பரீட்சை தேறியிருக்கிறாள். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறாள். மத்திசமே அவள் பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறார், அந்தப் படத்துக்காக. விண்ணப்பத்தோடு விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியையின் நற்சான்றுப் பத்திரம் வேண்டுமாம். இந்த மாணவி தானாகக் கண்டறிந்தது என்ன, அதைக்கொண்டு என்ன செய்தாள் என்று நான் என் கைப்பட எழுத வேண்டும்.

உம்மா என் மகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனதும் மர்ளியா மெல்லச் சொன்னாள்.

“டீச்சருக்கு ஒண்டு தெரியா. அந்த வியாழக்கிழம ஊட்டுக்குப் போய் வாப்பாட்ட எல்லாம் செல்லிட்டன். வாப்பா ஏசல்ல. ரெண்டு நாள்ல ஓயாவுல சின்ன மீன் புடிச்சி ஹவுழுல உட்டார். நான் கெழமைக்கு ஒருக்கா போத்தல்ல தண்ணி எடுத்துப் பாத்தன். மூணாம் கெழம ஒரு புழுவும் இல்ல. காய்ச்சல் காலத்துலயும் இல்ல.”

“யாரிடமும் சொல்லவில்லையா?”

“ஆருட்டச் செல்ற?”

நான் அழித்துவிட்டேன் என்று எண்ணியிருந்த பாடத்தை அவள் தனியாக, ஒரு கொப்பியில், வாரா வாரம் எழுதி முடித்திருக்கிறாள். அந்தக் கொப்பியையும் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் இடம் எழுதியிருந்தது. நம்மவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று என்னிடம் யாராவது கேட்டால் காட்டக்கூடிய ஒன்று அதுதான். அதைத்தான் நான் காட்ட முடியாமல் இருக்கிறேன். அவள் வாப்பா இன்னும் அதே பள்ளியில்தான் மோதினார். அந்த நற்சான்று மத்திசத்தின் கையால்தான் போகும்.

“நீ என்ன எழுதச் சொல்கிறாய்?” என்று அவளிடமே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அது என் வேலை.

“ஹவுழ் எண்டு எழுதினா வாப்பாட வேல போகும்” என்றாள். “ஓயா எண்டு எழுதினா நான் போய்ப் புள்ளைகளுக்கு என்னத்தப் படிப்பிக்க?”

அவர்கள் மாலை பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நற்சான்றுத் தாள் என்னிடம் இருக்கிறது. அவளுடைய பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். சில நாட்களில் முழு உண்மையையும் எழுதத் துணிகிறேன். மோதினாருக்கு என்ன நடக்கும் என்று நினைத்ததும் பேனாவை மூடிவிடுகிறேன். லெப்பையைப் போய்ப் பார்ப்போமா என்கிறேன். மத்திசத்துக்கே முதலில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்கிறேன். கணவர் பதுளையிலிருந்து, உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறார். எனக்குச் சரியென்று பட்டதைத்தான் ஐந்து வருடங்களுக்கு முன்னும் செய்தேன்.

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை திறக்கும் கிழமையில் அந்தத் தாளைக் கொடுத்தாக வேண்டும். உங்களில் இப்படியொரு இடத்தில் நின்றவர்கள் இருந்தால், நிற்காவிட்டாலும் நிதானமாக யோசிக்கக் கூடியவர்கள் இருந்தால், அதற்கு முன் எனக்கு எழுதுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி நான் என்ன எழுதட்டும்?